உயிரணுவின் எல்லையில் – 9: உப்பும் சர்க்கரையும் சேர்ந்து நுழைந்த வாயில்

ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் கரையோர நண்டுகளின் கால் நரம்புகளை அரைத்து ஆராய்ந்துகொண்டிருந்த யென்ஸ் ஸ்கௌ என்ற டேனிஷ் வைத்தியர், உயிரணுவுக்குள் கசிந்து வரும் சோடியத்தை ஓயாமல் வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே சேர்க்கின்ற பம்பின் அடையாளத்தை 1957-ஆம் ஆண்டில் கண்டுகொண்ட வரலாற்றைச் சென்ற வாரம் பார்த்தோம்.

உயிரணுவைச் சூழ்ந்த சவ்வு, கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டடுக்காக அமைந்த மெல்லிய படலம் என்று 1925-இல் கார்ட்டரும் கிரெண்டலும் எடுத்துரைத்ததும், எண்ணெயில் கரையும் பொருள்கள் அதை எளிதாகக் கடந்துவிட, நீரில் மட்டும் கரையும் பொருள்கள் அதன்முன் தடைப்பட்டு நிற்கும் என்பதை அவர்களுக்கு முன்பே ஓவர்ட்டன் உணர்ந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

ஸ்கௌ கண்ட பம்பினால் உயிரணுவுக்கு வெளியே சோடியம் மிகுதியாகவும் உள்ளே குறைவாகவும் இருந்துகொண்டே இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பதற்காக உயிரணு தன் சக்தியில் கணிசமான பங்கைச் செலவிடுகிறது. இவ்வளவு செலவு செய்து தேக்கி வைத்த வேறுபாட்டினால் அதற்குக் கிடைக்கும் பயன் என்ன?

அந்தக் கேள்விக்குரிய விடைகளுள் ஒன்று ஐரோப்பாவில் நடந்த ஒரு விஞ்ஞானிகள் கூட்டத்தில் பிறந்து, வங்காளத்து அகதி முகாம் ஒன்றிலே ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தது. அந்தப் பதினோரு ஆண்டுக் கதையே இந்த வாரப் பகுதி.

கொழுப்புச் சுவர் முன் குளுக்கோஸ்

நாம் உண்ணும் சோறும் கிழங்கும் செரித்து, முடிவில் குளுக்கோஸ் என்னும் எளிய சர்க்கரையாகச் சிறுகுடலின் உட்சுவரை அடைகின்றன. குளுக்கோஸ் நீரில் தாராளமாகக் கரையும், கொழுப்பிலோ கரையாது. எனவே ஓவர்ட்டனின் விதிப்படி அது உயிரணுவுக்கு வெளியிலேயே நின்றுவிட வேண்டிய பொருள்.

ஆனால் ஆரோக்கியமான குடல் குளுக்கோஸை ஏறக்குறைய முழுவதுமாக உறிஞ்சிவிடுகிறது. அதுமட்டுமன்று, குடலில் அதன் செறிவு குறைந்து உயிரணுவின் உள்ளே மிகுந்துவிட்ட பிறகும்கூட, குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்துக்கு அதை இழுத்துச் சேர்க்கும் ஆற்றல் குடலுக்கு உண்டு.

இதற்கு 1930-களில் வில்பிராண்ட், லாஸ்ட் என்ற இருவர் ஒரு விளக்கம் கூறினர். சர்க்கரையோடு பாஸ்பேட்டு ஒன்று ஒட்டிக்கொள்கிறது என்றும், அந்த உருவில் அது சவ்வைக் கடந்த பிறகு பாஸ்பேட்டு கழன்றுவிடுகிறது என்றும் சொன்ன அச்சித்தாந்தம், உயிரணுவின் வேதியியலில் அப்போது அறியப்பட்டிருந்த பிற செய்திகளோடு நன்றாகப் பொருந்தியமையால், பல ஆண்டுக்காலம் எதிர்ப்பின்றி நிலைத்து நின்றது.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற கோரி தம்பதியரின் துறையிலே பயின்று வளர்ந்த ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியல் அறிஞர், இந்தச் சித்தாந்தத்தைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தார்.

அக்காலத்தில் இத்துறையினர் கையாண்ட முறை நுட்பமானது. வெள்ளெலி போன்ற சிறு பிராணியின் சிறுகுடலில் சிறு துண்டு ஒன்றை வெட்டியெடுத்து, உட்புறம் வெளியே தெரியும்படி அதைப் புரட்டி, இரு முனைகளையும் நூலால் இறுகக் கட்டி, பிராணவாயுக் குமிழிகள் ஏறிக்கொண்டிருக்கும் உப்புநீரில் மிதக்க விடுவார்கள். புறத்தே உள்ள நீரில் சர்க்கரையைக் கலந்துவிட்டுச் சிறிது நேரம் கழித்துக் குடற்பைக்குள் சேர்ந்த சர்க்கரையை அளந்தால், உடலைவிட்டுப் பிரிந்த பின்னும் அந்தச் சிறு துண்டு தன் தொழிலைச் செய்துகொண்டிருப்பது பிரத்தியட்சமாகத் தெரியும்.

கிரேன் பாஸ்பேட்டு ஒட்டுவதற்கு வேண்டிய இடத்தையே நீக்கிய செயற்கைச் சர்க்கரைகளைக் கொடுத்துப் பார்த்தார். குடல் அவற்றையும் தயங்காமல் உறிஞ்சியது. 1956-இல் வெளியான அந்த ஒரு முடிவினால் பாஸ்பேட்டுச் சித்தாந்தம் அடித்தளத்தோடு சாய்ந்தது.

இரண்டு ஆண்டுகளுக்குப்பின் மான்ட்ரியல் நகரத்தில் ரிக்லிஸ், குவாஸ்டல் என்ற இருவர் வேறொரு விசித்திரத்தைக் கவனித்தனர். குடலைச் சூழ்ந்த திரவத்தில் சோடியம் இல்லாவிட்டால் குளுக்கோஸ் உள்ளே செல்வதில்லை. சர்க்கரைக்கும் உப்புக்கும் என்ன உறவு?

பிராக் நகரம், 1960 ஆகஸ்ட்

செக்கோஸ்லோவாகியாவின் தலைநகரான பிராகில், 1960 ஆகஸ்டு மாதத்தின் பிற்பகுதியில், சவ்வுகளைக் கடந்து பொருள்கள் செல்லும் முறையைப் பற்றி ஆராயும் அறிஞர்களின் கூட்டம் ஒன்று கூடியது. உலகம் இரு முகாம்களாகப் பிரிந்து கிடந்த அந்நாளில், கிழக்கிலும் மேற்கிலும் இருந்து வந்தவர்கள் ஒரே மண்டபத்தில் அமர்ந்து உயிரணுவைப் பற்றி வாதம் செய்தார்கள் என்பதே விசேஷமான செய்தி.

அங்கே ஆகஸ்டு 24-ஆம் தேதி கிரேன் தம் கருத்தை வெளியிட்டார். அதை விளக்குவதற்காக அவர் வரைந்த படம் மிக எளியது: சிறுகுடல் உயிரணுவின் மேல்விளிம்பு, அதில் சர்க்கரையும் சோடியமும் ஒன்றாக ஏறிக்கொள்ளும் ஒரு கடத்தி, உயிரணுவின் உள்ளே, புகுந்த சோடியத்தை வெளியேற்றிக்கொண்டேயிருக்கும் ஒரு பம்பு.

கருத்தின் சாரம் இது. மேட்டிலிருக்கும் ஏரியில் தேக்கிய நீர், மதகு திறந்ததும் பள்ளத்தை நோக்கிப் பாயும்போது ஆலைச் சக்கரத்தைச் சுழற்றுவதுபோல, வெளியே மிகுந்தும் உள்ளே குறைந்தும் இருக்கும் சோடியம் உயிரணுவுக்குள் பாயும்போது, அந்தப் பாய்ச்சலின் வேகமே குளுக்கோஸையும் உடன் இழுத்துச் செல்கிறது. சர்க்கரையை உள்ளே கொண்டுசெல்லத் தனியாக ஒரு சக்தி தேவையில்லை. பம்பு செலவிட்ட சக்தி சோடிய வேறுபாடாகச் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது.

ஒரு பொருளின் இறக்கத்தை மற்றொரு பொருளின் ஏற்றத்தோடு பிணைக்கும் இந்தத் தத்துவம், உயிரியலில் அதற்குமுன் எவரும் தெளிவாகச் சொல்லாதது. ஸ்கௌவின் பம்பு எதற்காக உழைக்கிறது என்ற கேள்விக்கு விடை அன்றுதான் உருப்பெற்றது.

குளுக்கோஸைப் பற்றிப் பேசத் தொடங்கிய அக்கருத்தில், அன்று எவரும் அதிகம் கவனிக்காத ஒரு மறுபக்கமும் இருந்தது. சோடியம் சர்க்கரையை இழுத்துச் செல்லுமானால், சர்க்கரையும் சோடியத்தை இழுத்துச் செல்லும் அல்லவா? உப்பை உடலுக்குள் சேர்க்க முடியாமல் ஒருவன் மடிந்துகொண்டிருந்தால், அவனுக்குச் சர்க்கரை கொடுப்பது உப்பைக் கொடுத்ததற்கு ஒப்பாகும் அல்லவா?

உடலை வற்றச் செய்யும் வியாதி

அத்தகைய வியாதி ஒன்று இருந்தது. அதன் பெயர் காலரா.

காலரா கண்டவனுக்குக் காய்ச்சல் பெரிதாக இருப்பதில்லை, குருதி கொட்டுவதுமில்லை. உடலிலுள்ள உப்பும் நீரும் கடுமையான நிலையில் மணிக்கு ஒரு லிட்டர் வரை குடல் வழியே வெளியேறிவிட, காலையில் திடகாத்திரமாக இருந்தவன் மாலைக்குள் கண் குழிந்து, தோல் சுருங்கி, நாடி தேய்ந்து இறந்துபோவான்.

மரணத்துக்குக் காரணம் நீரும் உப்பும் இழக்கப்படுவதே என்பதை 1831-ஆம் ஆண்டிலேயே ஓஷானசி என்ற இளம் வைத்தியர் நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்து உரைத்தார். மறு ஆண்டே ஸ்காட்லாந்தின் லீத் நகரத்தில் தாமஸ் லாட்டா என்பவர் உப்புநீரை நேராக இரத்தநாளத்தில் செலுத்தி, சாகும் நிலையில் இருந்த சிலரை எழுப்பி உட்கார வைத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லெனார்டு ராஜர்ஸ் அம்முறையைச் செப்பனிட்டார்.

ஆனால் சலைன் ஏற்றுவதற்குக் கிருமியற்ற நீர் வேண்டும், புட்டிகள் வேண்டும், ஊசியும் குழாயும் வேண்டும், வற்றிச் சுருங்கிய நாளத்தைத் தேடிப்பிடித்து ஊசி செருகத் தேர்ந்த கை வேண்டும். காலரா வரும் ஊர்களிலோ இவற்றுள் ஒன்றும் இருப்பதில்லை.

வாய்வழியாக உப்புநீர் கொடுத்தால் என்ன? கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் உப்புநீர் உடலில் சேராமல் வெளியேறியது.

குடலின் உட்சுவர் உரிந்துபோய்விட்டது என்றும், அதனால் எதையும் உறிஞ்ச இயலாது என்றும் வைத்தியர்கள் நெடுங்காலம் நம்பினர். அந்த நம்பிக்கை இறந்தவர்களின் குடலைப் பார்த்துப் பிறந்தது. 1960-ஐ ஒட்டி பாங்காக்கில் கங்கரோசா என்பவரும் அவருடைய தோழர்களும், நோயாளி விழுங்கிய சிறு உலோகக் கூடு ஒன்றின் மூலம் உயிருள்ள குடலின் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோது, சுவர் உரியவில்லை, உயிரணுக்கள் வரிசை குலையாமல் நிற்கின்றன என்று தெரிந்தது.

அதற்குச் சிறிது முன்பு, 1959-இல், கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் சம்புநாத் டே, முயலின் குடலில் கட்டி அடைத்த பகுதியில், கிருமிகளை நீக்கிய காலரா வளர்ப்புத் திரவத்தைச் செலுத்தினார். கிருமி இல்லாமலே நீர் பெருகியது. நோயை உண்டாக்குவது கிருமி சுரக்கும் நஞ்சே என்பது இவ்வாறு நிரூபணமாயிற்று.

சுவர் சிதையவில்லை, நஞ்சு ஒன்று வேலை செய்கிறது. அப்படியானால் அந்த நஞ்சு எதைத் தாக்குகிறது?

தவறான விடை

ஸ்கௌவின் பம்பு அப்போது புதிய புகழோடு விளங்கியது. காலரா நோயாளியின் கழிவிலிருந்து எடுத்த திரவம் தவளைத் தோலில் சோடியம் செல்வதைத் தடுக்கிறது என்று 1960-இல் சில பரிசோதனைகள் காட்டவே, நஞ்சு தாக்குவது சோடியப் பம்பைத்தான் என்ற அபிப்பிராயம் பலப்பட்டது.

இவ்வபிப்பிராயத்தை ஏற்றவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கக் கடற்படை வைத்தியர் ராபர்ட் பிலிப்ஸ். 1947-இல் எகிப்தில் பரவிய காலராவிலிருந்து அந்நோயோடு போராடியவர். சலைன் ஏற்றும் முறையை அளவறிந்து செய்யக் கற்பித்தவர். அவருடைய சொல்லுக்கு எங்கும் மதிப்பு இருந்தது.

1962-இல் மணிலாவில், குளுக்கோஸ் கலந்த உப்புக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தால் நோயாளியின் உடலில் நீர் சேருவதை அவரே கண்டார். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் அடுத்து நடந்த பரிசோதனையில், உட்செலுத்திய உப்பும் திரவமும் வெளியேறியவற்றோடு சமன் செய்யப்படாமல் மிஞ்சிவிட, சிலர் உயிர் இழந்தனர். மனம் கலங்கிய பிலிப்ஸ் அம்முயற்சியைக் கைவிட்டார்.

இதைவிட வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1953-இல், ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்ற கல்கத்தா வைத்தியர் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து 186 நோயாளிகளைக் குணமாக்கியதாக லான்செட் பத்திரிகையில் எழுதியிருந்தார். உள்ளே சென்றது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்ற கணக்கு அதில் இல்லை. அது ஏன் பலிக்க வேண்டும் என்பதற்குக் காரணமும் அன்று எவருக்கும் தெரியாது. ஆகவே அதை உலகம் படித்துவிட்டு மறந்தது.

மருந்து கல்கத்தாவில் இருந்தது. அதன் காரணம் பிராகில் இருந்தது. காரணம் தெரியாத மருந்தை வைத்தியர்கள் நம்பவில்லை; நோயாளியின் படுக்கையருகே வந்து சேராத காரணத்தால் எவருக்கும் குணம் உண்டாகவில்லை. இவ்விரண்டும் சந்திப்பதற்குள் எத்தனை பேர் மாண்டிருப்பார்கள் என்று எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது.

துவாரமிட்ட கட்டில்

அச்சந்திப்பு டாக்காவிலும் கல்கத்தாவிலும் நிகழ்ந்தது. அதற்குத் துணைநின்ற கருவி ஒரு கட்டில்.

கான்வாஸ் துணி கட்டிய அந்தக் கட்டிலின் நடுவே ஒரு துவாரம். துவாரத்தின் கீழே அளவுக்கோடுகள் இட்ட ஒரு வாளி. எழுந்திருக்கச் சக்தியற்ற நோயாளியின் உடலிலிருந்து வெளியேறுவதெல்லாம் அவ்வாளியில் சேரும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்து எழுதிக்கொண்டால், எவ்வளவு நீர் போயிற்று, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும். இவ்வளவு எளிய சாதனத்தால்தான் காலரா வைத்தியம் ஊகத்திலிருந்து விடுபட்டுக் கணக்குக்குள் வந்தது.

டாக்காவில் காலரா ஆராய்ச்சிக்கூடம் 1960-இல் நிறுவப்பட்டிருந்தது. அங்கே டேவிட் சக்கார் என்ற இளம் அமெரிக்க வைத்தியர், நோயாளிகளின் குடற்சுவரின் இரு பக்கங்களுக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டை அளந்தார். சோடியம் மின்னேற்றம் கொண்ட துகள். அது சவ்வைக் கடந்தால் மின்னழுத்தம் மாறியே தீர வேண்டும்.

குடலில் குளுக்கோஸ் கரைசல் சென்றதும் கருவியின் முள் அசைந்தது. நோயின் உச்சத்தில் இருந்தவர்களின் குடலிலும் மின்னழுத்தம் உயர்ந்தது.

பம்பு நஞ்சுண்டு கிடக்கவில்லை, வேலை செய்துகொண்டிருந்தது. சர்க்கரையும் சோடியமும் சேர்ந்து நுழையும் கிரேனின் வாயிலும் திறந்தே இருந்தது. பல ஆண்டுக்காலம் நிலவிய சித்தாந்தம் இந்தச் சிறு அசைவினால் தகர்ந்தது.

அக்கூடத்திலேயே நார்பர்ட் ஹிர்ஷ்ஹார்ன் எட்டு நோயாளிகளின் குடலில் குழாய்வழியே குளுக்கோஸ் கலந்த உப்புக் கரைசலைச் செலுத்தி, வெளியேறும் நீர் குறைவதை வாளியின் கோடுகளாலேயே காட்டினார். கல்கத்தாவில் நதானியேல் பியர்ஸும் அவருடைய சகாக்களும் ஏறக்குறைய அதே காலத்தில் அதே முடிவுக்கு வந்தனர்.

1968-இல் டேவிட் நாலின், ரிச்சர்டு காஷ் என்ற இருவர் இறுதி அடியை எடுத்து வைத்தனர். வெளியேறிய அளவுக்குச் சரியாக வாய்வழியே கரைசலைக் குடிக்கக் கொடுத்துக்கொண்டே வந்தால், தொடர்ந்து ஏற்ற வேண்டிய சலைனில் 80 சதவீதம் மிச்சமாகிறது என்று அவர்கள் லான்செட்டில் எழுதினர். மணிலாவின் பிழை அளவில் இருந்ததேயன்றி மருந்தில் இல்லை என்பதை வாளி நிரூபித்தது.

தப்பி நின்ற வாயில்

இங்கே சற்று நின்று, காலராக் குடலின் சவ்வில் நடப்பது என்ன என்பதைப் பார்ப்பது அவசியம். இதன் முழு விவரம் பின்வந்த ஆண்டுகளில்தான் படிப்படியாகத் தெளிந்தது.

காலராக் கிருமி குடலின் உயிரணுவுக்குள் புகுவதில்லை. மேற்பரப்பில் தங்கித் தன் நஞ்சை அனுப்புகிறது. நஞ்சின் ஒரு பகுதி உள்ளே நுழைந்து, சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் செய்தி மூலக்கூறை உயிரணு வரம்பின்றிச் செய்துகொண்டேயிருக்கும்படி ஆக்கிவிடுகிறது. அதன் விளைவாக, குடலை நோக்கியுள்ள பக்கத்தில் குளோரைடு வெளியேறும் வாயில்கள் திறந்தபடியே நின்றுவிடுகின்றன. குளோரைடு போகும் வழியில் சோடியம் போகிறது. உப்புப் போகும் வழியில் நீர் போகிறது.

சாதாரணமாக உப்பை உள்ளே எடுத்துக்கொள்ளும் மற்றொரு வழியும் அதே செய்தியால் அடைபடுகிறது. வெறும் உப்புநீர் பயன்படாமற்போனதற்குக் காரணம் இதுவே.

ஆனால் குளுக்கோஸின் வாயில் இந்தக் குழப்பத்தில் சிக்குவதில்லை. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறோடு இரண்டு சோடியம் துகள்கள் அதன் வழியே உள்ளே செல்கின்றன. இரத்தம் ஓடும் பக்கத்தில் நிற்கும் பம்பு அந்தச் சோடியத்தை வாங்கி உடலுக்குள் தள்ளுகிறது. உப்புச் சேர்ந்த இடத்துக்கு நீரும் வந்து சேருகிறது.

வெளியேறும் நீரை இம்முறை நிறுத்திவிடவில்லை என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். நஞ்சின் வேகம் தானாகத் தணிந்து, நஞ்சுண்ட உயிரணுக்கள் உதிர்ந்து புதியவை முளைக்கும்வரை, போகும் அளவுக்கு ஈடாக மற்றொரு வாயிலின் வழியே நீரைச் சேர்த்துக்கொண்டிருப்பதே இதன் தந்திரம். அந்தச் சில நாள்களைக் கடத்திவிட்டால் மனிதன் பிழைத்துக்கொள்வான்.

பொங்காவ், 1971

1971 மார்ச்சில் கிழக்குப் பாகிஸ்தானில் மூண்ட போரிலிருந்து தப்பி, ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்குள் வந்தனர். எல்லையோரத்து ஊரான பொங்காவில், மழைக்காலம் தொடங்கியபோது, காலராவும் தொடங்கியது.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கல்கத்தாவில் நடத்திவந்த ஆராய்ச்சி நிலையத்திலிருந்து, லண்டனில் குழந்தை வைத்தியம் பயின்று பணியாற்றித் திரும்பியிருந்த திலீப் மஹலனாபிஸ் ஜூன் மாத இறுதியில் அங்கே சென்றார். அங்கிருந்த மருத்துவமனையில் காலரா நோயாளிகளுக்கென்று இரண்டே அறைகள்; பதினாறே கட்டில்கள். அறைகள் நிரம்பி, தரை முழுவதும் நோயாளிகள் கிடந்தார்கள். சலைன் ஏற்ற வேண்டுமானால் தரையில் தேங்கிய கழிவின்மீதே முழங்காலிட்டு அமர வேண்டியிருந்தது.

இரண்டு நாள்களுக்குள் அவருக்கு ஓர் உண்மை தெளிவாகிவிட்டது. சலைன் தீர்ந்துகொண்டிருந்தது, அதை ஏற்றத் தெரிந்தவர்கள் அவருடைய குழுவில் இருவரே, நோயாளிகளோ வந்துகொண்டே இருந்தார்கள். இந்தப் போராட்டத்தில் பழைய முறையால் வெல்ல முடியாது.

கல்கத்தாவிலும் டாக்காவிலும் வாய்வழிக் கரைசல் வெற்றி கண்டது உண்மையே. ஆனால் அங்கே ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கட்டில், ஒரு வாளி, கணக்கெழுதப் பயிற்சி பெற்ற ஆள் என்று எல்லாம் இருந்தன. கட்டிலும் வாளியும் கணக்கும் இல்லாத ஓர் அகதி முகாமில், எழுத்தறியாத உறவினர்களின் கையில் அதே கரைசலை ஒப்படைத்தால் என்ன ஆகும்? மணிலாவில் நேர்ந்தது இங்கே ஆயிரம் மடங்காக நேர்ந்துவிட்டால் யார் பொறுப்பேற்பது?

மஹலனாபிஸ் பொறுப்பேற்றார்.

லிட்டர் ஒன்றுக்குக் குளுக்கோஸ் 22 கிராம், சமையல் உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம். இவ்வளவுதான் மருந்து. கல்கத்தா நிலையத்தின் நூலக அறையில் ஊழியர்கள் அமர்ந்து அளந்து, பாலிதீன் பைகளில் இட்டு, சூடேறிய இஸ்திரிப் பெட்டியை வாயில் அழுத்தி ஒட்டினார்கள். லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா.

முகாமில் அவற்றைப் பீப்பாய்களில் கரைத்து வைத்தார்கள். தாயும் தமக்கையும் கணவனும் குவளையில் வாங்கிவந்து நோயாளிக்குப் புகட்டினர். நா வறண்டு கிடந்தவர்கள் ஆவலோடு குடித்தனர். உடலுக்கு வேண்டிய அளவு நிறைந்ததும் தாகம் தணிந்து தாமே போதும் என்றனர். வாளி செய்த வேலையை இங்கே பெருமளவுக்குத் தாகமே செய்தது.

எட்டு வாரங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் அங்கே சிகிச்சை பெற்றனர். சலைன் போதாத அகதி முகாம்களில் நூற்றுக்கு 20 முதல் 30 பேர்வரை மாண்டுகொண்டிருந்த நிலையில், பொங்காவில் அது 3.6 ஆகக் குறைந்தது. வைத்தியர்கள் மட்டுமே காக்க முடியும் என்று கருதப்பட்ட உயிர்களைத் தாய்மார்கள் காத்தனர்.

அந்த முடிவுகளை உலகம் உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. நேரில் வந்து பார்த்த உலக சுகாதார நிறுவனத்தின் திமான் பருவா என்பவர், ஐயுற்றவர்களிடம் இடைவிடாமல் வாதாடினார். 1970-களின் இறுதிக்குள் உப்புச் சர்க்கரைக் கரைசல் அந்நிறுவனத்தின் கொள்கையாயிற்று. 1978-இல் லான்செட் தன் தலையங்கத்தில், சோடியமும் குளுக்கோஸும் குடலில் சேர்ந்தே செல்கின்றன என்ற கண்டுபிடிப்பை அந்த நூற்றாண்டின் தலையாய மருத்துவ முன்னேற்றமாகவே கருத இடமுண்டு என்று எழுதியது.

வங்கதேசத்தில் பிராக் (BRAC) என்ற தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் 1980-இல் தொடங்கிப் பத்தாண்டுக்காலம் வீடு வீடாகச் சென்று, விரல் நுனியில் எடுக்கும் உப்பும் கைப்பிடி வெல்லமும் நீரில் கலக்கும் முறையைக் கற்பித்தனர். 2002-இல் உலக சுகாதார நிறுவனம் சோடியத்தையும் குளுக்கோஸையும் லிட்டருக்கு 75 மில்லிமோல் வீதம் சமமாக அமைத்துக் கரைசலைத் திருத்தியது. இன்று நம்மூர் மருந்துக்கடையில் கிடைக்கும் பொட்டலம் அந்தத் திருத்திய கணக்கின்படி ஆனது. குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் இக்கரைசல் காத்த உயிர்கள் கோடிக்கணக்கானவை.

மஹலனாபிஸ் 2022-இல் காலமானார். மறு ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதை அளித்தது. கிரேன் கற்பனையில் கண்ட வாயிலுக்குரிய மரபணுவை 1987-இல் எர்னஸ்ட் ரைட்டின் குழுவினர் பிரித்தெடுத்து, அது மெய்யான ஒரு புரதம் என்று காட்டினர். சவ்வில் உள்ள ஒரு வாயிலின் இயல்பை அறிந்துகொள்வது மருத்துவமனை நிறைந்த சலைன் புட்டிகளைவிடப் பலம் வாய்ந்தது என்பதற்கு இவ்வரலாற்றைக் காட்டிலும் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

நீர் எந்த வழியாகச் சென்றது?

இதுவரை சொன்ன கதையில் ஒரு வாக்கியம் மீண்டும் மீண்டும் வந்திருக்கிறது: உப்புச் சென்ற இடத்துக்கு நீர் தொடர்ந்து செல்கிறது. பொங்காவில் பிழைத்தவர்களைப் பிழைக்க வைத்தது இறுதியில் அந்த நீர்தான். ஆனால் அது எந்த வழியாகச் சவ்வைக் கடந்தது?

கொழுப்புப் படலத்தின் ஊடே நீர் சிறிதளவு ஊறிச் செல்லும் என்று பெரும்பாலோர் எண்ணி அமைதி அடைந்தனர். ஆனால் சிவப்பணுக்களை ஆராய்ந்தவர்களுக்கு அமைதி கிட்டவில்லை. எளிய கொழுப்புப் படலம் விடக்கூடிய அளவைக் காட்டிலும் பன்மடங்கு வேகமாக நீர் சிவப்பணுவுக்குள் பாய்கிறது. நம் சிறுநீரகங்கள் நாள்தோறும் 180 லிட்டர் அளவு திரவத்தை வடிகட்டி, ஒன்றிரண்டு லிட்டர் தவிர மற்றதையெல்லாம் மீட்டுக்கொள்கின்றன. கொழுப்பில் ஊறிச் செல்லும் மந்த கதியால் இக்காரியம் எப்படி ஆகும்?

1970-இல் கலிபோர்னியாவில் ராபர்ட் மேசியும் அவருடைய துணைவர் ஒருவரும் பாதரசச் சேர்மம் ஒன்றைச் சிவப்பணுக்களோடு கலந்தபோது, நீரின் பாய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. பாதரசத்தை அகற்றியதும் மீண்டும் பெருகியது. பாதரசம் புரதங்களைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே நீருக்கென்று ஒரு புரத வாயில் இருந்தே தீர வேண்டும். இருபது ஆண்டுக்காலம் பலர் தேடியும் அது அகப்படவில்லை.

1980-களின் பிற்பகுதியில் பால்டிமோர் நகரத்தில், ஆர்.எச். இரத்தப் பிரிவுக்குரிய புரதத்தைச் சிவப்பணுக்களிலிருந்து பிரித்துக்கொண்டிருந்த ஒரு வைத்தியரின் ஆய்வில், அவர் தேடாத வேறொரு சிறு புரதம் எத்தனை முறை விலக்கினாலும் கூடவே வந்து நின்றது. அதன் தொழில் என்னவென்று எவருக்கும் தெரியவில்லை. ஆனால் சிவப்பணுவிலும் சிறுநீரகத்திலும் அது ஏராளமாக இருந்தது.

அதுவே நீரின் வாயில் என்றால், தீர்க்க வேண்டிய சிக்கல் அதனினும் பெரியது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிச் சங்கிலியாக நிற்கும்போது, அச்சங்கிலியின் வழியே புரோட்டான்கள் தாவிச் சென்றுவிடும்; அவை தாவினால் உயிரணு சேமித்து வைத்த சக்தி அத்தனையும் கசிந்துபோகும். வினாடிக்குக் கோடிக்கணக்கான நீர் மூலக்கூறுகளை விட்டுக்கொண்டே, புரோட்டான் ஒன்றைக்கூட விடாமல் தடுக்கும் வாயில் எவ்வாறு அமைய முடியும்?

(தொடரும்)